ருஸ்தம் சேட்டின் சிவப்பு வண்டியும் வேதமுத்துவின் பம்ப்பும்

தலைமை ஏற்றிருக்கும் மரியசூசை வாத்தியார் அவர்களே! பம்பாய்த் தமிழ் மோட்டார்த் தொழிலாளர் சங்கத்தின் தோழர்களே! வடாலாவிலிருந்து வந்திருக்கும் டீசல்காரர்களே! குர்லாவிலிருந்து என்னோடு ரயிலேறி வந்த டாக்ஸி மெக்கானிக்குகளே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ருஸ்தம் சேட் அவர்களே! எல்லாருக்கும் மேலாக, கணவரைப் பறிகொடுத்துவிட்டு நம் நடுவே உட்கார்ந்திருக்கும் என் தங்கை அன்னமேரி அவர்களே! குர்லா ஷேக் பரீத் உங்கள் எல்லாருக்கும் சலாம் சொல்லி இந்த ஒலிபெருக்கி முன்னால் நிற்கிறேன்.

என் முதுகுக்குப் பின்னால் ஒரு பெரிய துணி கட்டியிருக்கிறீர்கள். அதில் "இயந்திரப் பேரறிஞர் வேதமுத்து அவர்களுக்கு அஞ்சலி" என்று எழுதியிருக்கிறது. பேரறிஞர்! நல்ல பட்டம். நானும் இதே பம்பாயில் இதே கிரீஸில்தான் கை நனைக்கிறேன். நான் போனால் எனக்கு என்ன எழுதுவீர்கள்? "கார்புரேட்டர் பரீத்" என்று எழுதுவீர்கள். அதையும் யாராவது ஞாபகப்படுத்தினால்தான் எழுதுவீர்கள்!

சிரிக்காதீர்கள். இரங்கல் கூட்டத்தில் சிரிக்கக் கூடாது. நான் வயிறு எரிந்துதான் பேசுகிறேன். உல்லாஸ்நகரிலிருந்துகூட ஆள் வந்திருக்கிறது. உட்கார இடமில்லாமல் தாராவிக் குறுக்குச் சாலை வரைக்கும் நிற்கிறீர்கள். என் மூத்த மகள் நஸீராவின் நிக்காஹுக்கு இதில் பாதிக் கூட்டம் வந்ததா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள், வந்ததா?

வேதமுத்து அவர்கள் மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை கண்டு படுத்தார். எழுந்திருக்கவில்லை. சாகிற வயதா அது? "அவர், இவர்" என்று சொல்லச் சொல்லி வாத்தியார் என்னிடம் கேட்டுக்கொண்டார். மன்னிக்க வேண்டும் வாத்தியாரே, நாக்கு புரளமாட்டேன் என்கிறது. அவனும் நானும் ஒரே கேரேஜில் ஒரே வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தவர்கள். அவன் என்னை "என்ன வே பரீது" என்பான். நான் அவனை என்ன சொல்வேன் என்பதைப் பெண்கள் இருக்கும் சபையில் சொல்ல முடியாது. அவன் என்றே சொல்லிவிட்டுப் போகிறேன்.

மோட்டார் தெரியாத உறவுக்காரர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்காக ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பெட்ரோல் வண்டியில் இஞ்ஜினுக்குப் பெட்ரோல் ஊட்டுவது கார்புரேட்டர். ஒரு சின்னக் கிண்ணத்தில் பெட்ரோல் நிற்கும், இஞ்ஜின் மூச்சை இழுக்கும்போது காற்றோடு அதையும் சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும். டீசல் வண்டியில் அப்படி இல்லை. அங்கே ஒரு பம்ப், ஒவ்வொரு சிலிண்டருக்கும் அளவாக எண்ணெயைப் பீச்சி அடிக்கும். நான் கார்புரேட்டர்காரன். பிறகு வேதமுத்து கேரேஜை விட்டு வடாலாவில் லாரிகளுக்கு டீசல் பம்ப் பார்க்கப் போய்விட்டான். அவன் பாதை வேறு, என் பாதை வேறு என்று நிம்மதியாக இருந்தேன்.

அந்த நிம்மதியைக் கெடுத்தவர் ருஸ்தம் சேட். ஆமாம் சேட், உங்களைத்தான் சொல்கிறேன்! ஜூஹு விமானத் திடலில் ரேஸ் ஓட்ட ஒரு சிவப்பு வண்டி வாங்கினார். அந்த வண்டியை முதலில் தொட்டவன் நான். அதன் இஞ்ஜினைப் பிரித்துச் சேர்த்தவன் நான். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் போகிற துளை ஆணி, ஒரு சின்ன ஜெட், அதை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கவே சர்க்கார் லைசென்ஸ் கேட்கிற காலத்தில், அதற்கு இரட்டைக் கார்புரேட்டர் தேடிப் பிடித்து வைத்தவனும் நான். ஒரு நாள் சேட் எங்கள் இரண்டு பேரையும் மாட்டுங்கா இரானி ஹோட்டலில் உட்கார வைத்துக் கேட்டார். "யூரோப்பில் ரேஸ் வண்டிக்கு இப்போது பம்ப் வைக்கிறார்களாம். கார்புரேட்டரா, பம்ப்பா? நீங்களே சொல்லுங்கள்."

நான் விட்டேனா? ஒரு டீ ஆறி, இன்னொரு டீ வந்து, அதுவும் ஆறும் வரை பேசினேன். கார்புரேட்டருக்கு ஒரு திருப்புளி போதும். நடுரோட்டில் நின்றாலும் காதை வைத்துக் கேட்டுச் சரி பண்ணலாம். பம்ப்புக்குள் ஒரு தூசி போனால் அவ்வளவுதான். அதை அளந்து பார்க்கத் தனி மேடை வேண்டும், தனி ஆள் வேண்டும். அதோடு டீசலில் வழவழப்பு உண்டு, அது பம்ப்பைத் தேயாமல் காக்கும். பெட்ரோல் வறண்ட சரக்கு. டீசல் பம்ப்பில் பெட்ரோலை ஓட்டினால் உள்ளே உரசி இறுகிப் பிடித்துக்கொள்ளும். நான் சொன்னதில் ஒரு சொல் தப்பா? டீசல்காரர்களே, நீங்களே சொல்லுங்கள்!

வேதமுத்து பன் மஸ்காவைத் தின்று முடித்தான். வாயைத் துடைத்தான். "சேட், இவம் சொன்னதெல்லாம் வாஸ்தவம். ஆனா வளைவுல திரும்பும்போது கிண்ணத்துப் பெட்ரோல் ஒரு பக்கமா ஒதுங்கிரும்லா? இஞ்ஜினுக்கு விக்கல் எடுக்கும். பம்ப்புக்கு விக்கலே கெடையாது" என்றான். அதை அப்படியே அரைகுறை ஹிந்தியிலும் சொன்னான்.

அவ்வளவுதான் பேசினான். வண்டி வடாலாவுக்குப் போய்விட்டது! என் கையிலிருந்து போய்விட்டது!

பழைய டிராக்டர் ஒன்றின் நாலு குழாய்ப் பம்ப்பை எடுத்து அந்த ரேஸ் இஞ்ஜினில் மாட்டினான். முதல் ரேஸில் என்ன நடந்தது? நான் சொன்னபடியே பிடித்துக்கொண்டு நின்றது. அல்ஹம்துலில்லாஹ் என்றேன். மனிதன் என்றால் அதோடு விட வேண்டாமா? இஞ்ஜின் ஆயிலைத் தனிக் குழாயில் கொண்டுவந்து பம்ப்புக்கு ஊட்டினான். அடுத்த ரேஸில் கரும்புகையாகக் கக்கியது. ஆக்ஸிலேட்டரில் காலை அழுத்துகிற அளவுக்குத் தக்கபடி பெட்ரோல் போக வேண்டும் என்று பித்தளைத் துண்டு ஒன்றை அரத்தால் ராவி, மாட்டிப் பார்த்து, கழற்றி மறுபடியும் ராவினான். அந்த இரண்டு ரேஸிலும் ஜெயித்தது, சிவப்பு வண்டி போன பிறகு நான் தயார் செய்த வேறொரு வண்டி, என் கார்புரேட்டர் வண்டி. கப் என் கையில் இருந்தது. ஆனால் ஜனங்கள் எங்கே நின்றார்கள் தெரியுமா? நின்றுபோன வேதமுத்துவின் வண்டியைச் சுற்றி நின்றார்கள்! ஃபோட்டோக்காரர்கூட அங்கேதான் இருந்தார். ஜெயித்தவன் கப்பை வைத்துக்கொண்டு தனியாக நிற்கிறான், தோற்றவனிடம் பானெட்டைத் திறந்து காட்டச் சொல்லிக் கெஞ்சுகிறார்கள். யாருக்குத்தான் பற்றி எரியாது? டாக்ஸி பிடித்துக் குர்லா போய்ச் சேர்ந்தேன்.

அவனோ கோபமே படமாட்டான். என் பட்டறைக்கு வந்து, "என்ன வே பரீது, ஒரு டீ சொல்லு" என்று உட்காருவான். எந்தத் தெருவில் லாரி நின்றாலும் போவான், கூலி பேசமாட்டான். என் ஆட்களே எனக்குத் தெரியாமல் அவனிடம் போய் யோசனை கேட்பார்கள். இதோ மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு இருக்கிறார்களே, அவர்கள்தான்!

அப்படிப்பட்டவன் போய்விட்டான். போன வாரம் ருஸ்தம் சேட் என் பட்டறை வாசலில் வந்து இறங்கினார். "ஃபரீத் பாய், அப் தும் சம்பாலோ" என்றார். இனி வண்டியை நீ பார்த்துக்கொள், அந்தப் பம்ப்பைக் கழற்றி எறிந்துவிட்டு உன் கார்புரேட்டரைப் போடு, அடுத்த மாதம் ரேஸ் என்றார்.

அழுதேன் என்று நினைக்கிறீர்களா? இல்லை. சந்தோஷப்பட்டேன்! பம்ப் தகராறை விட்டுப் பார்த்தால் அந்த வண்டி பம்பாயிலேயே வேகமான வண்டி. அது என் கைக்கு வந்தால் அடுத்த மாதம் கப் எனக்கு, பேர் எனக்கு. கார்புரேட்டர்தான் சரி என்று ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். ஸ்பானர்களை எடுத்துக்கொண்டு வடாலா ஷெட்டுக்குப் போனேன்.

அன்னமேரி சாவியைக் கொடுத்தாள். "அண்ணாச்சி, கழத்துறதுக்கு முன்ன ஒரு தரம் ஓட்டிப் பாத்திருங்க. 'இதப் பரீது ஓட்டிப் பாத்தாம்னா வயிறு எரிஞ்சே செத்துருவான்'னு அவுக சொல்லிச் சொல்லிச் சிரிப்பாவ" என்றாள். சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

செத்தது யார், பாருங்கள்.

வண்டியை எடுத்தேன். செம்பூர் தாண்டி டிராம்பே சாலையில் விட்டேன். அங்கே நீளமான வளைவு ஒன்று உண்டு, டாக்ஸிக்காரர்களுக்குத் தெரியும். நான் போன வேகத்தில் அங்கே திரும்பினால் எந்தக் கார்புரேட்டர் வண்டியும் விக்கும். என் வண்டியும் விக்கும். அதனால் என் கால் தானாகவே தளர்ந்தது. வண்டி விக்கவே இல்லை! தயங்கியது என் கால்தான். திரும்பி வந்து, காலை அழுத்தி மிதித்துக்கொண்டு அதே வளைவில் இன்னொரு தடவை போனேன். சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன். தண்ணீர் போகிற மாதிரிப் போனது. ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டீயரிங்கைக் குத்தினேன். "ஏண்டா பாவி, இதைச் செய்து வைத்துவிட்டா போனாய்?" என்று தனியாகக் கத்தினேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

ஸ்பானரைத் தொடாமல் சாவியை அன்னமேரியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். சேட் இன்னும் என் பதிலுக்குக் காத்திருக்கிறார். இந்தச் சபையில் சொல்கிறேன், கேளுங்கள் சேட்! நான் அந்தப் பம்ப்பைக் கழற்றமாட்டேன். அந்த வண்டியும் எனக்கு வேண்டாம். வண்டி உங்களுடையது, வேறு மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கழற்றச் சொல்லலாம். கூப்பிட்டுப் பாருங்கள்! இந்தக் கூட்டத்தில் எவன் கை நீளுகிறது என்று நானும் பார்க்கிறேன்.

வேதமுத்துவோடு கூட நின்று அந்தப் பம்ப்பைப் பூட்டிய சொரிமுத்து இங்கே இருக்கிறார். அவர் பம்ப்பைப் பார்த்துக்கொள்ளட்டும். அடுத்த மாதம் ஜூஹுவில் அந்தச் சிவப்பு வண்டி வேதமுத்துவின் பம்ப்போடு ஓடும். அதை எதிர்த்து என் வண்டி என் கார்புரேட்டரோடு ஓடும்.

தோழர்களே, என்னைப் பெரிய மனதுக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு அவனை ஜெயிக்க வேண்டும். பம்ப்பைக் கழற்றி எறிந்துவிட்டுக் கப் வாங்கினால் நான் யாரை ஜெயித்தேன்? சொல்லுங்கள், யாரை? வேதமுத்து! நீ இல்லை என்பதற்காக உன்னை விடமாட்டேன். நீ என்னிடம் தோற்க வேண்டும். தோற்பதற்கு உன் வண்டி ஓட வேண்டும். ஓட வைப்பேன், அல்லாஹ் மேல் ஆணை!

சொரிமுத்து அண்ணே, நாளைக் காலை ஷெட்டைச் சீக்கிரம் திறந்து வையுங்கள். பம்ப்பில் குறை இல்லை. ஆனால் மூன்றாவது சிலிண்டரில் ஒரு வால்வு சரியாக உட்காரவில்லை, டிராம்பே சாலையிலேயே என் காதில் விழுந்தது. வேறு யாருக்கும் அது கேட்காது. நான் வந்து சரி பண்ணித் தருகிறேன்.