சுவருக்கு இந்தப் பக்கத்து ரசிகை

தேத்தண்ணியில் சீனி கொஞ்சம் கூடிவிட்டது, கிராணி ஐயா. உங்கள் முகத்திலேயே தெரிகிறது. இருந்தாலும் மரியாதைக்காக மிடறு மிடறாகக் குடிக்கிறீர்கள். மேசைமேல் ஒரு வெள்ளைத்தாளையும், உங்கள் சட்டைப்பையில் இருந்த பேனாவையும் வைத்துவிட்டு, "ரெண்டே வரி எழுதிக் குடும்மா சின்னத்தாயி, போதும்" என்று நீங்கள் கேட்டு ஐந்து நிமிடம் ஆகிறது. வாயைத் திறந்தால் இரண்டு வரியில் நிற்காது என்பதால் மனதுக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எழுதியது நான்தான். அதில் சந்தேகம் வேண்டாம். தாய்மார் வேலைக்குப் போகும்போது விட்டுச்செல்லும் ஆயாக்கொட்டாய்ப் பிள்ளைகளின் வருகைப் புத்தகத்தை நான் எழுத, பத்து வருடமாக நீங்கள் தோட்டத்து ஆபீசில் பார்த்துக் கையெழுத்துப் போட்டு வருகிறீர்கள். தோட்டத்துத் தபால் பையில் பேப்பருக்குப் போன உறையில் என் எழுத்தைப் பார்த்தபோது உங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை. பக்கத்து வீட்டு அம்சவள்ளியின் கல்யாணம் நிற்கிற நிலைக்கு வந்தபிறகுதான் தோன்றியது. தாமதமானாலும் சரியான கண்டுபிடிப்பு. மர்மப் படங்களில் போலீஸ்காரர்கள் இதைவிடத் தாமதமாக வருகிறார்கள்.

நான் இதற்கெல்லாம் ஆசைப்பட்டு ஆரம்பிக்கவில்லை. போன வருடம் அம்சவள்ளியின் அப்பா இருசப்பன் வீட்டில் டிவியும் வீடியோ டெக்கும் வாங்கினார்கள். நம் மூன்றாவது டிவிஷன் லயத்து வீட்டு வரிசையில் முதல் டெக் அதுதான். வாரத்துக்கு இரண்டு படம். இருசப்பன் கோல சிலாங்கூர் டவுனுக்கு மோட்டார் சைக்கிளில் போய் காசெட் எடுத்து வருவார். அக்கம்பக்கத்தார் பாய் எடுத்துக்கொண்டு போய் உட்காருவோம். நானும் போனேன். எல்லாரையும்போல அமைதியாகத்தான் பார்த்தேன், தேவையான இடங்களைத் தவிர.

கல்லூரி விடுதியில் பெண்கள் ஒவ்வொருவராகச் சாகிற ஒரு படம் போட்டார்கள். பத்தாவது நிமிடத்தில் நான், "அந்த வார்டன்தான்லா கொல்லுறது, அவ சிரிப்பே சரியில்ல" என்றேன். சும்மா ஒரு கருத்து. இரண்டரை மணி நேரம் கழித்து வார்டன் பிடிபட்டபோது முப்பது பேரும் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். அடுத்த படம் பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் வளர்ந்து ஆளாகிற கதை. அவன் அம்மா முதல் முறை இருமியதும், "இடைவேளைக்கு முன்னாடி போய்ச் சேந்துரும்" என்றேன். போய்ச் சேர்ந்தார்.

அதற்கடுத்த படத்துக்குப் போனபோது அம்சவள்ளியின் தாய் புஷ்பவள்ளி வாசலில் என்னை நிறுத்தினாள். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. எல்லாரும் படம் பாக்க வர்றாங்க. நீங்க சொல்றத கேக்க யாரும் வர்றதில்ல. கொஞ்ச நாளைக்கு வராதீங்களேன்."

நான் கோபித்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து அடுப்பங்கரையில் உட்கார்ந்தேன். லயத்து வீட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிற பலகைச் சுவர் கூரையைத் தொடாது. ஒரு முழ இடைவெளி இருக்கும். அதன் வழியாகப் படம் முழுவதும் வந்தது. பேச்சு, பாட்டு, அழுகை, கதவு சாத்தும் சத்தம், எல்லாம். என் வீட்டுக்காரர் சன்னாசி இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. ஒன்பது வருடமாக இந்த வீட்டில் நான் பாத்திரம் வைக்கும் சத்தத்தைத்தான் நானே கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று ஒரு பெண் என் தலைக்கு மேலே நின்று, "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று யாரையோ கேட்டாள். நான் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

பார்ப்பதைவிடக் கேட்பது நேர்மையானது என்று அந்த மாதத்திலேயே முடிவுக்கு வந்துவிட்டேன். முக அழகில் மயங்க வழியில்லை. பொய்யாக அழுகிறவள் யார் என்று உடனே தெரிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் 'இளையோர் பார்வை' என்று ஒரு பகுதி வரும். காதல் படம், பள்ளிப் பருவப் படம், மர்மப் படம் பற்றி ரசிகர்கள் எழுதலாம். பதினாறு வயதிலிருந்து இருபத்தைந்து வரை. எனக்கு நாற்பத்து நான்கு. அது அவர்களுடைய விதியில் உள்ள குறை, என்னுடையது இல்லை. 'லெட்சுமி, கோல சிலாங்கூர்' என்று எழுதிப் போட்டேன். எத்தனை லெட்சுமி இருக்கிறார்கள், யார் தேடப்போகிறார்கள்?

பையன் வளர்ந்த படத்தைப் பற்றி, அவன் வளர்ந்ததற்கு ஒரே சாட்சி அவன் தாயின் இருமல்தான் என்று எழுதினேன். கட்டம் கட்டிப் போட்டார்கள். ஒரு காதல் படத்தைப் பற்றி எழுதியபோது, காதலைச் சொல்லுகிற காட்சியில் பின்னணி இசைக்குப் பதிலாக அப்பளம் பொரிகிற சத்தத்தை வைத்த இயக்குநரின் துணிச்சலைப் பாராட்டினேன். அது புஷ்பவள்ளி பொரித்த அப்பளம் என்று இரண்டு நாள் கழித்துத்தான் எனக்கே உறைத்தது. ஆனால் அடுத்த வாரம் தெலுக் இந்தானிலிருந்து ஒரு வாசகர், அந்த அப்பளக் காட்சி தன்னையும் கண்கலங்க வைத்தது என்று எழுதியிருந்தார். ஆகவே நான் திருத்தம் அனுப்பவில்லை.

இப்படி எட்டு மாதம் யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் போனது.

பிறகு அம்சவள்ளிக்கு மாப்பிள்ளை அமைந்தது. சேது. தஞ்சோங் காராங்கில் மளிகைக்கடை வைத்திருக்கும் சின்னையாவின் மகன். நிச்சயதார்த்தத்தன்று நானும் போயிருந்தேன். வராதே என்றது படத்துக்குத்தான், விசேஷத்துக்கு இல்லை. சின்னையா நல்ல மனிதர். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரை மரண அறிவிப்பு வரைக்கும் ஒரு வரி விடாமல் படிப்பவர் என்று அவரே பெருமையாகச் சொன்னார். நான் பலகாரத் தட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். அப்போது என் மனதில் எதுவும் இல்லை.

அடுத்த வாரம் ரவிக்கைக்குக் கொக்கி தைக்கச் சொல்லி அம்சவள்ளி வந்தாள். தரையில் உட்கார்ந்து கால் நீட்டிக்கொண்டு பேசினாள்.

"அத்தே, அவருக்கும் படம்னா உயிராம். கல்யாணத்துக்கு அப்புறம் தெனமும் ஒரு படம் பாக்கலாம்னு சொன்னாரு."

"அவங்க வீட்டுல டெக் இருக்கா?"

"அம்மா எங்க வீட்டுல இருக்குறதத்தான் அத்தே சீரா குடுத்து விடுது. டிவி, டெக் ரெண்டும். அதுக்குன்னுதான் அப்பா வாங்குனதே. பாத்ததில்லயா, அட்டைப் பொட்டிய கூட தூக்கி வீசாம பீரோ மேல வச்சிருக்கு?"

அந்த அட்டைப் பெட்டியை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். எலி புகுந்துவிடும், எறிந்துவிடு என்று புஷ்பவள்ளியிடம் சொன்னதுகூட உண்டு. நான் கொக்கியைத் தைத்து முடித்தேன். நூலைப் பல்லால் கடித்தேன்.

"ஒனக்கு அந்தப் பையன புடிச்சிருக்கா?" என்று கேட்டேன்.

"புடிச்சிருக்கு அத்தே."

இவ்வளவு சீக்கிரமாகப் பதில் சொல்கிறவள் யோசித்திருக்க மாட்டாள் என்று எனக்குப் பட்டது. இருபது வயது. உலகம் தெரியாத பெண். யாராவது அவளுக்காக யோசிக்க வேண்டும் அல்லவா? அன்று முழுவதும் நான் அவளுக்காகத்தான் யோசித்தேன்.

அந்த வாரம் போட்ட படம் ஒரு காதல் கதை. வீட்டில் பார்த்த மாப்பிள்ளையை விட்டுவிட்டு, கல்யாணத்துக்கு முதல் நாள் கதாநாயகி காதலனோடு ரயிலேறிப் போய்விடுவாள். ரயில் சத்தம் நன்றாக வந்திருந்தது. என் கருத்தை எழுதினேன். அவள் செய்தது முழுக்கச் சரி. அவள் இடத்தில் நான் இருந்தால் முதல் நாள்வரை காத்திருக்கக்கூட மாட்டேன். மாப்பிள்ளை நல்லவன் என்பது ஒரு பெண் தன் வாழ்நாள் முழுவதும் மளிகைக்கடையில் உட்காருவதற்குக் காரணமாகாது. இவ்வளவுதான். படத்தில் அந்த மாப்பிள்ளை இஞ்சினியர் என்று பின்னால் சொன்னார்கள். நான் கேட்டதில் பிழை இருந்திருக்கலாம்.

வழக்கமாகப் பெயரும் ஊரும்தான் போடுவேன். இந்த முறை 'குமாரி அம்சவள்ளி, தகப்பனார் இருசப்பன், பதினான்காம் எண் வீடு, மூன்றாவது டிவிஷன்' என்று தோட்டத்துப் பெயரோடு எழுதினேன். தெளிவாக இருக்கட்டும் என்றுதான்.

போன ஞாயிறு அது வெளிவந்தது. மாவட்டத்தின் சிறந்த கருத்து என்று முதலில் போட்டிருந்தார்கள். பதினோரு மணிக்கெல்லாம் சின்னையாவின் கார் லயத்து வாசலில் நின்றது. நான் அடுப்பங்கரையில் என் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"சம்மந்தி, காலையிலேருந்து பதினேழு பேரு இத கொண்டாந்து கடையில காட்டிட்டாங்க. பக்கத்துக் கட மலாய்க்காரரு கூட என்னா விஷயம்னு கேக்குறாரு. இத ஒங்க பொண்ணு எழுதுச்சா இல்லையா?"

"எம்பொண்ணு ஃபார்ம் ஃபைவ் வரைக்கும் மலாய்ல படிச்ச புள்ள. அதுக்கு இப்படி தமிழ் வராது சம்மந்தி." இது இருசப்பன்.

"மாமா, நான் அந்தப் படத்தயே பாக்கல. ஃபேக்டரியிலேருந்து வந்து தூங்கிட்டேன்." அம்சவள்ளி.

"பாக்காமலா இவ்வளவு நல்லா எழுத முடியும்?" என்றார் சின்னையா.

ஐயா, உங்களிடம் எதையும் மறைக்கவில்லை. அந்த வார்த்தையைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். அதற்குள் சேது ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். மெல்லிய குரல். "அவங்க எழுதலன்னா எழுதலப்பா. எனக்கு நம்பிக்கை இருக்கு." நல்ல வசனம். ஆனால் குரலில் அழுத்தம் போதாது. சின்னையா ஒத்துக்கொள்ளவில்லை. யார் எழுதியது என்று கையெழுத்தோடு தெரிந்தால் கல்யாணம் அதே தேதியில் நடக்கட்டும், இல்லாவிட்டால் தாம்பூலத்தைத் திருப்பிவிடலாம் என்றார். கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

அதன்பிறகு அம்சவள்ளி அழுதாள். படத்தில் அழுகிற மாதிரி இல்லை. இசை இல்லாததால் எப்போது முடியும் என்று அனுமானிக்க முடியவில்லை. அந்தக் காட்சி கொஞ்சம் நீளம் என்று நினைத்தேன். பிறகு, அப்படி நினைத்ததைப் பற்றி நினைத்தேன். அதில் வெகுநேரம் தங்கவில்லை.

புஷ்பவள்ளி அடுத்த நாள் என்னிடம் வந்தாள். என் தோளில் சாய்ந்துகொண்டு, "யாருக்கா எம்புள்ளைக்கு இப்படி செஞ்சது?" என்று கேட்டாள். வார்டன்தான் என்று சொல்ல இந்த முறை யாரும் இல்லை. நான் அவளுக்கு மைலோ கலக்கிக் கொடுத்தேன்.

நீங்கள் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "அந்தப் புள்ள ஒனக்கு என்னாம்மா பண்ணுச்சு?" என்பது. ஒன்றும் செய்யவில்லை, ஐயா. எனக்கு அவளைப் பிடிக்கும். டெக்குக்காகவா செய்தாய் என்று நீங்கள் கேட்கவில்லை. உங்களுக்கு அது தோன்றியே இருக்காது. கேட்டிருந்தால் ஆமாம் என்று சொல்லியிருப்பேன். அந்தப் பெட்டி லோரியில் ஏறி தஞ்சோங் காராங் போய்விட்டால் இந்தச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து எனக்கு வருவது இருசப்பனின் குறட்டை மட்டும்தான். ஆனால் அது ஒரு சின்னக் காரணம். பெரிய காரணம் அந்தப் பெண்ணின் சுதந்திரம். அவளுக்கு நான் செய்ததை நல்லபடியாக எடுத்துக்கொள்ள வயது வரவேண்டும்.

மேலும், யாருக்கும் பெரிய நஷ்டம் வந்துவிடவில்லை. மகள் மனம் உடைந்து கிடக்கிறாளே என்று இருசப்பன் இப்போது தினமும் ஒரு காசெட் எடுத்து வருகிறார். முன்பு வாரத்துக்கு இரண்டு. இன்று ஞாயிறு என்பதால் பகலிலேயே ஒன்று உண்டு என்று கேள்வி.

"சின்னத்தாயி," என்கிறீர்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாது என்கிற மாதிரி. "கல்யாணத்துக்கு இன்னும் பதினோரு நாளு இருக்கு. நாந்தான் எழுதுனேன், அந்தப் புள்ளைக்கு ஒன்னும் தெரியாதுன்னு ரெண்டு வரி. நானே இப்பவே கொண்டு போயி சின்னையா கையில குடுக்கறேன். பேப்பர்ல போட வேணாம். இங்க யாருக்கும் தெரிய வேணாம். ஒன் வேலைக்கும் நான் ஒன்னும் செய்ய மாட்டேன். அந்தப் புள்ள சாப்புட்டு நாலு நாளாச்சும்மா."

நீங்கள் நியாயமானவர். உங்கள் கண் கலங்கியிருக்கிறது. உங்கள் இடத்தில் யார் இருந்தாலும் இப்படித்தான் பேசுவார்கள். ஆனால் ஒரு ரசிகை தன் கருத்தை மனமார மாற்றிக்கொள்ளலாமே தவிர, ஒருவர் வந்து கேட்டார் என்பதற்காக மாற்றக் கூடாது. இதில் எனக்கு ஒரு கொள்கை இருக்கிறது.

சுவருக்கு அந்தப் பக்கம் காசெட்டை உள்ளே தள்ளுகிற சத்தம் கேட்கிறது. முதலில் ஒரு உறுமல், பிறகு வயலின்.

நான் பேனாவை மூடுகிறேன். தாளை நான்காக மடித்து, பேனாவோடு சேர்த்து உங்கள் பக்கம் நகர்த்தி வைக்கிறேன்.

"முடியாதுங்க ஐயா," என்கிறேன். "கொஞ்சம் மெதுவா எந்திரிச்சுப் போங்க. படத்துல எழுத்து ஓட ஆரம்பிச்சிருச்சு."