திங்கட்கிழமை முடித்த மலர்வளையம்

தோவாளைப் பூச்சந்தை இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது நான் ஏன் காகிதத்தில் பூச்செய்கிறேன் என்று எல்லாரும் கேட்பார்கள். பிச்சிப்பூ சாயங்காலத்துக்குள் சோர்ந்துவிடும், இன்ஸ்பெக்டர் ஐயா. காகிதத்துக்கு அந்தத் தொல்லை கிடையாது.

பெரிய வேலை ஒன்றுமில்லை. காட்டுக்கொடியை வட்டமாக வளைத்துச் சணல் சுற்ற வேண்டும். பனங்குருத்தைக் கீறிப் பச்சைச் சாயத்தில் முக்கினால் இலை. வெள்ளைக் காகித இதழை உருக்கிய மெழுகில் தோய்த்து எடுத்தால் நிஜப்பூவின் பளபளப்பு வந்துவிடும். எங்கள் சபையில் யார் இறந்தாலும் பெட்டிமேல் வைக்க இந்த ராஜபாயிடம்தான் வருவார்கள். ஒரு வளையத்துக்கு மூன்று நாள் ஆகும்.

தங்கை லீலாபாய்க்கு ஏழு வயதாகும்போது அம்மா இறந்துபோனாள். எனக்கு அப்போது இருபது. பெண்கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு அவளை வளர்த்தேன். அதை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. படித்து, பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஆனாள். இந்த வருஷம் தேவகுமாருக்கு அவளைப் பேசி முடித்தார்கள். பேச்சிப்பாறை அணையில் ஓவர்சியர். தங்கமான பையன். அவன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது லீலா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, வாசல்ல தொங்கவிட ஒரு வளையம் கெட்டித் தருவியா? முழுக்க வெள்ளையா இருக்கணும், கேட்டியா?"

"கெட்டித் தாறேன் மக்கா."

சனிக்கிழமை தொடங்கினேன். இதழ் வெட்டும்போது பேச்சிப்பாறை நினைவாகவே இருந்தது. அங்கே மலைக்காய்ச்சல் உண்டு. ஆளைத் தூக்கித் தூக்கிப் போடும். அவன் வேலைக்குப் போய்விட்டால் இவளுக்கு ஒரு வாய் வெந்நீர் கொடுக்க யார் இருக்கிறார்கள்? முன்பின் தெரியாதவர்கள் நடுவில் கிடந்து சாவாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீடு திரும்புவதற்குள் எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. திங்கட்கிழமை வளையத்தை முடித்து, கறுப்பு நாடாவில் அவள் பெயரைத் தைத்துக் கட்டினேன். பூவை மாற்ற வேண்டியிருக்கவில்லை. வெள்ளை இரண்டுக்கும் பொருந்தும்.

புதன்கிழமை காலையில் லீலா இறந்தாள். சாயங்காலமே அடக்கம். தேவகுமார் பஸ் பிடித்து ஓடிவந்தான். பெட்டியின்மேல் விழுந்து அழுதவன், வளையத்தில் கை பட்டதும் தலையைத் தூக்கி நாடாவிலிருந்த பெயரைப் படித்தான்.

"இதுக்கு மூணு நாளாவும்னு லீலா சொல்லுவாளே. எப்ப கெட்டினிய அக்கா?"

"திங்கக்கிழம" என்றேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

அவன் கையை எடுத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கிருந்து நேராக உங்களிடம் வந்திருக்கிறான். வராமல் என்ன செய்வான்?

அரளி விதையை அரைத்தது நான்தான். செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தவளுக்குச் சுக்குக்காப்பியில் கலந்து கொடுத்தேன்.

"கசக்குது அக்கா."

"தொண்டைக்கு நல்லது. குடி மக்கா."

மிச்சம் வைக்காமல் குடித்தாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நான் சொல்லி எதையும் தட்டியதில்லை. பிறகு வாந்தியெடுத்தபோது தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். பக்கத்துவீட்டு ஜெயபாய் வந்து, டாக்டரைக் கூப்பிடவா என்று கேட்டாள். இப்போதுதான் கண்ணயர்ந்தாள், எழுப்ப வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். விடியும்வரை நான் அவளை விட்டு அசையவில்லை.

போகாதே, இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று அவளிடம் ஒரு வார்த்தை சொன்னாயா என்று கேட்கிறீர்கள். இல்லை ஐயா, சொல்லவில்லை. அவள் சந்தோஷத்துக்குக் குறுக்கே நிற்க எனக்கு மனம் வரவில்லை.