ஒன்பது அட்டைகளில் நெபஹத் அக்கா வைத்துக்கொண்ட இரண்டு

இருபது ஆண்டுகளாக நம் பேட்டைக்குத் தலைமை தாங்கும் முக்தாராக இருந்து, நாற்காலி தேயத் தேய உழைத்து, இன்று தாமாகவே எழுந்து வழிவிட முன்வந்திருக்கும் தலைவர் ஹில்மி அவர்களே! வெயிலையும் என் பேச்சையும் ஒருசேரப் பொறுத்துக்கொண்டு முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! அய்ரான் மோர்க் குவளையைக் கீழே வைக்காமலே கைதட்டத் தெரிந்த தாய்மார்களே! இடமில்லாமல் வாசலில் நிற்கும் எஸ்கிசெஹிர் நகரத்து இளஞ்சிங்கங்களே! திரைச்சீலைக் கடை ரிஃப்கியின் தலைதாழ்ந்த வணக்கம்.

அடுத்த முக்தாராக நெபஹத் அக்காவின் பெயரை முன்மொழிய வந்திருக்கிறேன். டிராம் ஓட்டுகிற பெண்ணுக்கு என்ன தகுதி என்று தேநீர்க்கடையில் ஒருவர் கேட்டார். தகுதியா கேட்கிறீர்கள்? அந்த அம்மையாரின் கைப்பையைத் திறந்து காட்டுகிறேன், வாருங்கள்!

அந்தப் பையில் ஒன்று இரண்டல்ல, ஒன்பது கடன் அட்டைகள் இருந்தன. ஒன்பதும் எப்படி வந்தன? வங்கிக்காரப் பையன் சந்தை வாசலில் மேசை போட்டு, ‘கையெழுத்துப் போடுங்க, குடை தர்றோம்’ என்றான். அக்காவுக்கு முகம் முறிக்கத் தெரியாது. குடையோடு ஓர் அட்டை, வாணலியோடு ஓர் அட்டை, கம்பளியோடு ஓர் அட்டை! நம் ஊர்க் கடைகளைத்தான் அறிவீர்களே. இந்தக் கடைக்காரர் இந்த வங்கி அட்டைக்கு மட்டும் தவணை தருவார், அடுத்த கடைக்காரர் அந்த வங்கிக்கு மட்டும் தருவார். நம் கையில் அந்த அட்டை இல்லையென்றால் என்ன செய்வோம்? நேரே அக்கா வீட்டுக் கதவைத் தட்டுவோம். ‘அக்கா, அந்தப் பச்சைக் கார்டு உங்ககிட்ட இருக்கா? பன்னண்டு தவணைதான், மாசாமாசம் கொண்டாந்து குடுத்துடறேன்.’ இல்லை என்று சொல்வது நம்மிடையே அவமானம் அல்லவா? அக்கா எடுத்து நீட்டுவார்.

யார் அங்கே சிரிப்பது? எதிர்வீட்டு முசெய்யன் அம்மையாரா? சிரியுங்கள், சிரியுங்கள். உங்கள் குளிர்பெட்டி எந்த அட்டையில் வந்தது என்று இந்த மன்றத்துக்கே தெரியும்!

பச்சை அட்டை முசெய்யனின் குளிர்பெட்டி. மஞ்சள் அட்டை யாரோ ஒருவரின் கைப்பேசி. சிவப்பு அட்டை... அதற்குப் பிறகு வருகிறேன். ஒன்பது அட்டை வைத்திருந்த உத்தமி, வெங்காயம் வாங்கச் சில்லறை தேடினார், ஐயா! கடன் வரம்பெல்லாம் நம் வீட்டுச் சாமான்களால் நிரம்பிக் கிடந்தது. கொடுத்தவருக்குக் குறுகியது, கேட்டவருக்குக் கொழித்தது! இது நியாயமா? இதை நாம் செய்தோமா? செய்தோம். நான் செய்தேன்.

அக்காவின் கணவர் கத்ரி அண்ணனை நீங்கள் அறிவீர்கள். ரயில் தொழிற்சாலையில் முப்பத்தைந்து ஆண்டு சம்மட்டிச் சத்தம் அவர் செவியைத் தின்றுவிட்டது. சென்ற வசந்தத்தில் ஒருநாள் பேத்தி தொலைபேசியில் பாடினாள். அண்ணன் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, கேட்பதுபோலவே தலையாட்டிக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்து இணைப்புப் போன பிறகும் ஆட்டிக்கொண்டிருந்தார். அன்றே அக்கா காதுக்கருவிக் கடைக்குப் போனார். அங்கே சிவப்பு அட்டைக்கு மட்டுந்தான் தவணை. இயந்திரத்தில் செருகினார்கள். வரம்பு போதவில்லை என்று திருப்பித் தந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு நண்பகல் என்னையும் முசெய்யனையும் தேநீருக்கு அழைத்தார். எள் தூவிய சிமித் ரொட்டி இருந்தது, ஒலிவக் காய் இருந்தது. மேசை நடுவே ஒன்பது அட்டைகளையும் சீட்டாட்டம்போல் விரித்தார்.

‘இதுல எது என்னோடது? நீங்களே சொல்லுங்க’ என்றார்.

நான் சிமித்தைப் பிட்டேன், முசெய்யன் ஒலிவக் கொட்டைகளை எண்ணினார்.

‘சரி, நானே சொல்றேன். தினம் நான் போறது ரொட்டிக் கடை, மளிகை, மருந்துக் கடை. மூணுலயும் ஓடணும். வருஷக் கட்டணம் கேக்கக் கூடாது. சம்பளம் வந்தப்புறம் பில் வரணும், அந்த மாசமே முழுசா கட்டிடுவேன். அது இந்த நீலக் கார்டு. இது இருக்கட்டும். ரெண்டாவது இந்தச் சிவப்பு. இது எப்பவும் காலியா கிடக்கும், உடம்புக்குன்னு வந்தாதான் எடுப்பேன். மிச்சம் ஏழு வேண்டாம்.’

‘அக்கா, பாத்திரம் கழுவற மெஷினு இந்த மாசந்தான் தள்ளுபடி’ என்றார் முசெய்யன்.

‘கையால கழுவு கண்ணு, ரெண்டு கையும் நல்லாத்தானே இருக்கு?’ என்று சொல்லிக்கொண்டே கத்தரிக்கோலை எடுத்தார். அதற்குள் தவணை முடிந்துபோயிருந்த நான்கை அங்கேயே வெட்டினார். மற்ற மூன்றும் தவணை முடிய முடிய வெட்டப்படும் என்று அறிவித்தார்.

இப்போது சிவப்பு அட்டைக்கு வருகிறேன். பெரியோர்களே, அந்த வரம்பை அடைத்துக்கொண்டு கிடந்தது யாருடைய சாமான்? என்னுடைய தோல் சோபா! இன்னும் நான்கு தவணை பாக்கி.

‘ரிஃப்கி, மிச்சத்தை மொத்தமா கட்டிடு’ என்றார்.

‘நாலு மாசம் பொறுக்கக் கூடாதாக்கா?’

‘நாலு வருஷமா அந்த மனுஷன் கேக்கற மாதிரி நடிச்சிட்டிருக்கார்டா!’

எனக்கு என்ன வந்தது தெரியுமா? வெட்கமா? இல்லை, ஐயா, கோபம்! பதினைந்து நாள் அக்கா ஓட்டும் டிராமில் ஏறாமல் கடைக்கு நடந்தே போனேன். வீட்டில் அந்தச் சோபாவில் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. பதினாறாம் நாள் முழுப் பணத்தையும் கட்டினேன். அந்த மாதமே அண்ணனின் காதில் கருவி ஏறியது.

சபையோரே! தெருவெல்லாம் தன்னை நல்லவள் என்று சொல்லும்போது, அந்த நல்ல பெயரையே கத்தரிக்கோலால் நறுக்க எத்தனை நெஞ்சுரம் வேண்டும்? எது தேவை, எது வேண்டாம் என்று சொந்தப் பையில் தேர்ந்தெடுக்கத் தெரிந்தவர், நம் பேட்டைக்கு வரும் காசில் தேர்ந்தெடுக்க மாட்டாரா? பகைவரிடம் மறுப்பது எளிது. பக்கத்து வீட்டிடம் மறுத்தார்! பாசத்திடம் மறுத்தார்! பல்லிளித்து நின்ற இந்த ரிஃப்கியிடம் மறுத்தார்! அவருக்கு வாக்களியுங்கள்!

கடைசியாக ஒன்று. இத்தனை ஆண்டும் கத்ரி அண்ணனிடம் கத்தித்தான் பேசியிருக்கிறேன். கத்தி மன்னிப்புக் கேட்பது மன்னிப்பு ஆகாது. அவர் கடைசி வரிசையில் இருக்கிறார். மைக்கைக் கீழே வைத்துவிட்டு, மெல்லக் கேட்கப்போகிறேன். அமைதி.

அண்ணே. என்னை மன்னிச்சிடுங்க.

...என்ன சொன்னார் என்று கேட்டீர்களா, மக்களே? ‘கேட்டுச்சு, தம்பி. மைக்கை எடு, மத்தவங்களுக்குக் கேக்கல’ என்கிறார்!

எடுத்துவிட்டேன், அண்ணே. செவிகொடுத்த உங்கள் எல்லோருக்கும் நன்றி. வணக்கம்.