மடிப்புக் கோடு

அக்கா: ...என்மேல கோபப்படாதீங்க தகடுக்காரரே, நான் வெறும் தபால்காரி. என் தம்பி சொல்லி அனுப்பினதைச் சொல்றேன். மூணாவது தகடும் வேஸ்டாம்.

தகடுக்காரர்: எதுல வேஸ்ட்?

அக்கா: தகட்டை மடிச்சுப் பெட்டியாக்குற கோட்டையே காணோமாம். ரயில் பெட்டியைத் தட்டையாவே ஓட்டணுமான்னு கேக்கிறான். முப்பது வருஷம் பேங்க்ல கையெழுத்து சரிபார்த்தவன்... ரிட்டயரான மறுநாளே ஸ்டேஷன் மாஸ்டர் ஆயிட்டான். மாடி ரூம் பூரா பொம்மைத் தண்டவாளம். துணி காயப்போட நான் ரெண்டு லெவல் கிராசிங் தாண்டணும்.

தகடுக்காரர்: உக்காருங்கக்கா. தகட்டைக் குடுங்க.

அக்கா: என்ன நாத்தம் இது, ஆசிட்டா? இதுல முக்கித்தான் இத்தனூண்டு ஜன்னல் வெட்டுறீங்களா?

தகடுக்காரர்: அவர் வரைஞ்சு தர்ற படத்தை பிலிம்ல எடுத்து, பித்தளையில பதிப்போம். வேண்டாத இடத்தை ஆசிட் தின்னுடும். ஜன்னல்னா முழுசா தின்னும். மடிப்புக் கோடுன்னா பாதி ஆழம்தான்... இந்தாங்க லென்ஸ். ஓரத்துல பாருங்க.

அக்கா: எனக்கெதுக்கு அதெல்லாம்...

தகடுக்காரர்: பாருங்கக்கா.

அக்கா: ...ம்.

தகடுக்காரர்: கோடு இருக்குல்ல?

அக்கா: இந்த லென்ஸை வெச்சா என் கன்னத்துலகூடத்தான் மடிப்புக் கோடு தெரியும்.

தகடுக்காரர்: லென்ஸே வேண்டாம், விரலால தடவுங்க. இந்தத் தடவை வேணும்னே ஆழமா விட்டேன். இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தா தகடு ரெண்டா விழுந்திருக்கும்.

அக்கா: அப்போ என் தம்பி புளுகுறான்.

தகடுக்காரர்: நான் அப்படிச் சொன்னேனா... அவர்தான் என்னைப் பத்தி பொம்மை ரயில் சங்கத்து குரூப்ல எழுதியிருக்கார், ‘அரைகுறை வேலைக்காரன்’னு. மூணு பேர் ஆர்டரை நிறுத்திட்டாங்க.

அக்கா: அவன் வாய் அப்படி. எதிர்வீட்டு நாய் லேட்டா குரைக்குதுன்னு அதையே திட்டுறவன்.

தகடுக்காரர்: விளையாடாதீங்க. அவரையே இங்க வரச் சொல்லுங்க.

அக்கா: வர மாட்டான்... ஒண்ணு கேக்கவா? ‘தப்பு என்னோடது, பிலிம்ல கோடு விட்டுப்போச்சு’ன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்களேன். கொஞ்ச நாளாவது நிம்மதியா இருப்பான்.

தகடுக்காரர்: இருக்கிற கோட்டை இல்லைன்னு எழுதணுமா? எனக்குன்னு மிச்சம் இருக்கிறதே இந்தத் தொழில் பேர் ஒண்ணுதான்.

அக்கா: ...தெரியுது.

தகடுக்காரர்: நானும் ஒண்ணு மறைச்சேன்கா. ரெண்டாவது தகடு திரும்பி வந்தப்பவே புரிஞ்சிடுச்சு, கோளாறு தகட்டுல இல்லை, அவர் கண்ணுலன்னு. சொன்னா கோவிச்சுக்கிட்டு வேற ஆள்கிட்டப் போயிடுவாரேன்னு வாயை மூடிக்கிட்டு மூணாவது போட்டேன். அது என் தப்பு. அதை வேணா எழுதித் தரேன்... முதல்ல கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

அக்கா: போன வாரம் போனோம். டம்ளர்னு நினைச்சு மேஜையில தண்ணி ஊத்தினான்... கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனேன்.

தகடுக்காரர்: டாக்டர் என்ன சொன்னார்?

அக்கா: என்னைத் தனியா கூப்பிட்டுச் சொன்னார். கண்ணுக்குள்ள பிரஷராம். போனது போனதுதானாம். மிச்சமும் ரொம்ப நாள் தாங்காதாம். மூணு மாசம் முன்னாடி வந்திருந்தா நிறுத்தியிருக்கலாமாம்... அவன்கிட்ட இன்னும் சொல்லல.

தகடுக்காரர்: மூணு மாசம்... முதல் தகடு அனுப்பினது அப்பதான். அப்பவே அவருக்கு ஒரு சந்தேகம் வரலையா? வீட்ல யார்கிட்டயாவது காட்டியிருக்கலாமே.

அக்கா: காட்டினான். ‘கோடு இருக்கா பாருக்கா, என் கண்ணுதான் போச்சா’ன்னு என்கிட்டதான் நீட்டினான். எனக்குக் கோடு நல்லாவே தெரிஞ்சுது. அவன் மூஞ்சியைப் பார்த்தேன்... ‘இல்லடா’ன்னுட்டேன்.