திங்கக்கிழமை டெஸ்ட்

வேண்டாம், நீ எழுந்துக்காதே. கை வெச்ச வேலையைப் பாதில விட்டா உனக்குப் பிடிக்காதே. காபியை இங்கயே கொண்டுவந்துட்டேன். கீபோர்டு பக்கத்துல வெக்கலை, பயப்படாதே. நான் இப்படிப் பின்னாடி நாற்காலியைப் போட்டுண்டு உக்காந்துக்கறேன், நீ பாட்டுக்குப் பண்ணு. ஞாயித்துக்கிழமை கார்த்தாலே பொண்டாட்டிக்கு இதை விட வேற என்ன வேலை.

ரெஸ்ட் எடுத்துக்கவா? நாளைக்குப் பத்து மணிக்கு டெஸ்டை வெச்சுண்டு யாராவது ரெஸ்ட் எடுப்பாளா? ஹைதராபாத் ஸ்டுடியோக்காரா அங்கேந்து என் ஸ்கிரீனைப் பாத்துண்டே இருப்பா, நான் இந்த மெஷின்ல நேருக்கு நேர் ஒரு சினிமா ஷாட்டை முடிச்சுக் காட்டணும். இங்க பாத்தா மெஷின் கறுப்பா முழிச்சுண்டிருக்கு. என்ன, நான் அழலைன்னு பாக்கறயா? ஒவ்வொரு தடவையும் அழுதாச்சு, இன்னிக்கு வரலை. கோவம்தான் வரது. எம்மேல எதுக்குக் கோவம்னா கேக்கறே? நான் யார் மேலன்னு இன்னும் வாயே திறக்கலையே.

சரி, எனக்குப் புரியற மாதிரி சொல்லு. என்ன ஆச்சு? கர்னல் அப்டேட் ஆச்சு. ம். இந்த மெஷின்ல ஓடற லினக்ஸுக்கு அதுதான் உசிர், புதுசு புதுசா வந்துண்டேதான் இருக்கும், தெரியும். புது கர்னல் வந்தா, ஸ்கிரீன்ல படம் காட்டற கிராபிக்ஸ் கார்டோட டிரைவர் புரோகிராமை அதுக்குத் தகுந்தாப்ல மறுபடி கட்டணும். கட்டலை. அதனால கார்டுன்னு ஒண்ணு இருக்கறதே சிஸ்டத்துக்குத் தெரியலை. அதானே? நான் சொன்னா உன் மூஞ்சி ஏன் இப்படிப் போறது? யார் சொல்லிக்குடுத்தாளா? கல்யாணம் ஆனதுலேந்து ஒரே வியாதி வந்துண்டிருந்தா நோயாளிக்கும் கொஞ்சம் வைத்தியம் வந்துடும்.

ஆனா ஒண்ணு கேக்கணும். அந்த டிரைவரை நாம உக்காந்து கட்டவே வேண்டாமே. நீதானே அதுக்குன்னு ஏதோ போட்டு வெச்சே, கர்னல் வந்ததும் தன்னால கட்டிண்டுடும், நீ கவலையே படாதேன்னே. இப்ப ஏன் கட்டிக்கலை? ஹெடர்ஸ் இல்லையா. ஓஹோ.

அது என்னடி ஹெடர்ஸுன்னு உங்கம்மா கூட ஒரு நாள் கேட்டா. நான் சொன்னேன், அம்மா, நாம ரவிக்கை தைக்கக் குடுக்கறச்சே கூடவே அளவு ஜாக்கெட் ஒண்ணு குடுப்போமே, அதுதான். கர்னல் மாறினா உடம்பு மாறின மாதிரி. புது அளவு ஜாக்கெட் கைக்கு வந்துட்டா டெய்லர் தைச்சு வெச்சுடுவான், வரலைன்னா துணியை மடியில வெச்சுண்டு சும்மா உக்காந்திருப்பான்னேன். அந்த க்ஷணமே புரிஞ்சுண்டா. நான் உங்கிட்ட கேட்டப்பல்லாம் நீ என்ன சொல்லுவே? உனக்கு இதெல்லாம் வராது லக்ஷ்மி, விடு.

அளவு ஜாக்கெட் கடையை விட்டுத் தானா எழுந்து போகுமோ?

இடம் பத்தலைன்னு சிஸ்டமே சுத்தம் பண்ணியிருக்குமா. நல்ல சிஸ்டம். இந்தாத்துல ஆம்பளையா பொறந்தவா யாரும் தானா எதையும் சுத்தம் பண்ணி நான் பாத்ததில்லை, மெஷினாவது பண்றதே. அது போகட்டும், பழைய கர்னலுக்குப் போயேன். புதுசு படுத்தினா இருக்கட்டும்னு பழசு ஒண்ணு எப்பவும் வெச்சிருக்குமே, அதுல நுழைஞ்சா நேத்து வரைக்கும் இருந்த மாதிரி ஓடுமே. அதுவும் இல்லையா. அதையும் சுத்தம் பண்ணிடுத்தா. டிஸ்க்குல பாதிக்கு மேல காலியா கிடக்கு பரத். நேத்து சாயங்காலம் நானும் அம்மாவும் லஸ் கடைத்தெருவுக்குக் கறிகாய் வாங்கக் கிளம்பறச்சே பாத்துட்டுத்தான் போனேன். அப்ப மெஷினும் நன்னாத்தான் இருந்தது. நீதான் தலைவலின்னு ஆத்துல படுத்துண்டிருந்தே.

கத்தாதே. நான் இப்ப உன்னை என்ன சொல்லிட்டேன்? தலைவலின்னு சொன்னே, அதைத்தானே சொன்னேன்.

பெருங்குடி கம்பெனிக்கு அனுப்ப வேண்டிய ஷாட் ஞாபகம் இருக்கா? விடிஞ்சு பாத்தா கறுப்பு. நீ ஆபீசுக்கு லீவு போட்டுட்டு இதே மாதிரி உக்காந்தே. மெஷின் வந்துடுத்து, அவா குடுத்த கெடு தாண்டினப்பறம் வந்தது. நான் தேம்பித் தேம்பி அழறேன், நீ தலையைத் தடவிக் குடுக்கறே. அடையாறுக்கு அழைச்சுண்டு போய் ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தே. உங்கம்மா எனக்குத் திருஷ்டி சுத்திப் போட்டா. அந்தக் கதை தெரியாத சொந்தக்காரா மயிலாப்பூர்ல இல்லை. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் யாராவது ஒரு மாமி என் கையைப் பிடிச்சுண்டு, கோமளத்துக்குப் பொறந்தது தங்கம்டீ, பரத்வாஜ் மாதிரி ஒருத்தன் யாருக்குக் கிடைப்பான்னுவா. நானும் ஆமாம் மாமின்னேன். மனசாரச் சொன்னேன்.

அப்பறம் அந்த பாம்பே விளம்பரப் பட வேலை. அதே கறுப்பு, அதே நீ, அதே ஐஸ்கிரீம். அதுக்கப்பறம் எனக்கு எங்கயும் வேலைக்கு எழுதிப் போடவே கை வரலை. என் ராசி இவ்ளோதான்னு எனக்கு நானே சொல்லிண்டேன். நீ அதை ஒரு தடவை கூட இல்லைன்னு சொல்லலை. சில பேருக்கு அமையாதுன்னு, ரொம்ப ஆதரவா சொன்னே.

நான் என்ன தொழில் பண்றேன்னு உனக்கு மறந்து போச்சு. சண்டைக் காட்சில ஹீரோ பறக்கறானே, அவன் இடுப்புல கட்டியிருக்கற கம்பியை அழிக்கறவ நான். ஒவ்வொரு ஃப்ரேமா உக்காந்து அழிக்கணும், அழிச்ச தடம் தெரியப்படாது. அதனால பிறத்தியார் ஒண்ணை அழிச்சிருந்தா எனக்குச் சட்னு கண்ல படும். உன் விஷயத்துல மட்டும் படலை. கட்டிண்டவனை யாரு அப்படி உத்துப் பாப்பா?

கிளாடிஸ் தெரியுமோல்லியோ, சாந்தோம்காரி, முன்னாடி என்னோட ஒரே ஸ்டுடியோல இருந்தாளே. அவகிட்ட ஒரு நாள் புலம்பினேன். அவ பாவம் பாக்கலை, சமாதானமும் சொல்லலை. ஏய், ரிப்பேர் என்ன உன் காலண்டரப் பாத்துட்டா வருதுன்னு கேட்டா. எனக்கு அவ மேலதான் முதல்ல கோவம் வந்தது. எம் புருஷனைப் பத்தி இவ யாரு பேசன்னு பஸ்ல வர வழியெல்லாம் திட்டிண்டே வந்தேன். ஆத்துக்கு வந்து மெஷினைப் பாத்தப்பறம் கேள்வி மட்டும் நின்னுது.

அதுலேந்து வேலை வந்தா ஆத்துல மூச்சு விடறதில்லைன்னு வெச்சுண்டேன். சின்னச் சின்ன வேலைதான், நீ ஆபீஸ் போனப்பறம் பண்ணி அனுப்பிடுவேன். நடுவுல எத்தனை கர்னல் வந்தது தெரியுமா? ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துலயே உக்காந்துண்டு பாத்தேன். அளவு ஜாக்கெட் தானா வரது, டிரைவர் தானா தைச்சுக்கறது, ரீபூட் பண்ணினா கல்லுக்குண்டாட்டம் எழுந்து உக்காந்துக்கறது. சமத்துக் குழந்தை அது. யாரும் ஒண்ணும் பண்ண வேண்டாம், கிட்ட போகாம இருந்தா போறும்.

என்ன, டைப் பண்றதை நிறுத்திட்டே? பண்ணு. ஹெடர்ஸைப் போடு. அம்மாவைக் கூப்பிடறயா? கூப்பிடேன். சமையலுள்ளதான் கொத்தவரங்கா நறுக்கிண்டிருந்தா. கத்திச் சத்தம் நின்னு நாழியாச்சு, அவளுக்கும் கேட்டுண்டுதான் இருக்கும்.

எனக்குப் பைத்தியமா? இருக்கலாம். தற்செயலா நடந்ததையெல்லாம் கோத்துக் கோத்துப் பாக்கறேனா? அதுவும் இருக்கலாம். சாட்சி இருக்கான்னு கேக்கறே. நீ ஏன் இதைப் பண்ணினேன்னு நான் உன்னைக் கேக்கப் போறதில்லை, எனக்குத் தெரியும். நான் அழணும், நீ துடைச்சு விடணும், நாலு பேர் அதைப் பாக்கணும். நான் ஜெயிச்சுட்டு வந்து நின்னா உனக்கு என்னைப் பாத்துப் பேசறதுக்கு ஒண்ணும் இருக்காது. அதைச் சொல்லியிருந்தா கூட உக்காந்து பேசியிருக்கலாம். என் கையை ஒடிச்சுட்டு நீயே கட்டுப் போட்டே பாரு, அதைத்தான் என்னால தாங்க முடியலை.

அங்க பாரு, ஓடறது. கட்டிண்டிருக்கு. ஆச்சு. ரீபூட் குடு. வந்துடுத்து பாத்தியா, பழைய மாதிரியே பளிச்சுனு. இதுக்கு முன்னாடியெல்லாம் அரை நாள் ஆக்குவே, இன்னிக்குக் காபி ஆறறதுக்குள்ள முடிச்சுட்டே. நான் பின்னாடி உக்காந்துண்டிருந்தா உனக்கு வேலை வேகமா நடக்கறது.

என்னது? அதான் சரியாயிடுத்தே, பேசினதையெல்லாம் மறந்துட்டு நாளைக்கு டெஸ்டுக்குப் பழகிக்கவா?

டெஸ்ட் வியாழக்கிழமையே முடிஞ்சுடுத்து. சாந்தோம்ல கிளாடிஸ் வீட்டுல, அவ மெஷின்ல உக்காந்துண்டு பண்ணினேன். வேலை கிடைச்சாச்சு, ஒண்ணாந்தேதி ஹைதராபாத்ல சேரணும். அம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன். திங்கக்கிழமை பத்து மணியா? அப்படி ஒண்ணு இல்லவே இல்லை பரத். வெள்ளிக்கிழமை சாப்பிடறச்சே உனக்கு ரசம் விட்டுண்டே வாய்க்கு வந்த ஒரு நாளைச் சொன்னேன். கிளாடிஸ்கிட்ட அதைச் சொல்லலை, அம்மாகிட்ட சொல்லலை, மெஷின்ல எங்கயும் குறிச்சு வெக்கலை. உங்கிட்ட மட்டும்தான் சொன்னேன்.