கும்பிடும் ஹெல்மெட்

— கேமராவ நெத்திக்கு மேல மாட்டுன்னு சொன்னா உச்சந்தலையில மாட்டியிருக்க, உதயா! பாரு, ரோடே தெரியல. பாதி வானம், மீதி பனமரத்துக் கொண்ட.

— லாஜிக்கா பாரு ப்ரியா. ஹெல்மெட்டுல ஓட்ட இருக்குற எடத்துலதான பட்டைய நொழைச்சு கேமராவ இறுக்க முடியும்? அந்த ஒட்டுற ஸ்டிக்கரு வெயில்ல எளகிப் போச்சு.

— கத விடாத. நம்ம சைக்கிள் வீடியோவப் பாக்குறதே கொஞ்சப் பேரு. அதுல பாதி எங்க சொந்தக்காரங்க. அவங்களாவது ரோட்டப் பாக்க வேணாமா?

— ஒங்கம்மா என்ன சொல்றாங்க?

— ரோட்டப் பத்தியா, நம்ம கல்யாணத்தப் பத்தியா?

— ரெண்டாவது.

— கோயில்ல வச்சுத் தாலி கட்டுனாத்தான் பொண்ணு தருவாங்களாம். சரியா சாப்புடக்கூட இல்ல. எனக்குத்தான் பாக்க முடியல.

— எங்கப்பாவப் பத்தி ஒனக்குத் தெரியாதா? ஊர்ல பாதி கல்யாணத்த மந்திரம் இல்லாம நடத்தி வச்ச ஆளு. வெற்றிசெல்வன் மகன் கோயில்ல தாலி கட்டுனான்னா, அப்பறம் அன்னவாசல் கடத்தெருவுல அவரு எப்படி நடப்பாரு?

— அவரு சரி. நீ?

— நானும் அப்படித்தான். விபூதி பட்ட நெத்தியா இது?

— சரி, அடுத்தத ஓட்டு. ஞாயித்துக்கெழம எடுத்தது. ம், இதுல கேமரா நேரா நிக்குது. அன்னவாசல்லேர்ந்து புதுக்கோட்டைக்கு வர்ற ரோடுதான இது... அய்யய்ய, ஏன் இப்படிக் குனியுது?

— பள்ளமா இருக்கும்.

— பள்ளத்துக்கு எதுக்குக் கைய எடுக்குற? க்ளவுஸு மேல வருது பாரு. டொப்பு டொப்புன்னு சத்தம் வேற.

— ஈ மொச்சிருக்கும். தட்டி விட்டிருப்பேன்.

— பின்னாடி தள்ளு. எடது பக்கம் என்னது?

— மரம்.

— மரத்தடியில?

— பிள்ளையாரு.

— அடப்பாவி! கன்னத்துல போட்டிருக்க!

— ஈன்னு சொல்றேன்ல.

— இரு இரு, இங்கிட்டு அய்யனாரு வாராரு. குனிஞ்சாச்சு, டொப்பு டொப்பு. அங்கிட்டு முனியன், டொப்பு டொப்பு. ஈயெல்லாம் கோயில் வாசல்லதான் காத்துக்கிட்டு நிக்குமோ?

— ப்ரியா, மூடு அத.

— மூடவா? இப்பத்தான் படம் சூடு புடிக்குது. மாதா கோயிலயும் விடல! தர்காவுக்குமா? அடேயப்பா, ஒரு சாமியயும் கோவிச்சுக்க விடல. இது என்ன எடம்? இங்க ஒண்ணுமே இல்லயே... மைல்கல்லு! மைல்கல்லுக்கு எதுக்குக் கும்புடு?

— ஆயுதபூசைக்கு ரோடு வேல பாக்குறவங்க சந்தனம் குங்குமம் வச்சு, மால போட்டுட்டுப் போயிருக்காங்க. கண்ணாடி இல்லாம பாத்தா சாமி மாதிரித்தான் தெரியும்.

— ஒனக்கு ஏது கண்ணாடி?

— வெயில் கண்ணாடியச் சொன்னேன்.

— உதயா, எனக்கு இப்ப சிரிப்பு வரல. ரோட்டுல நிக்கிற கல்லக்கூட கும்புடுற ஆளு, எங்கம்மா பட்டினி கெடக்கையில எங்கிட்ட கொள்க பேசுற. என்னயக் கட்ட மனசில்லன்னா நேரா சொல்லிரு.

— ஐயோ, அப்படியெல்லாம் இல்ல தாயே.

— அப்ப இத ஒங்கப்பாவுக்கு அனுப்புறேன். மகன் லட்சணத்த அவரே பாக்கட்டும்.

— அனுப்பாத! எங்கப்பாவ எதுத்துக்கிட்டாவது கோயில்லயே தாலி கட்டுறேன். ஒங்கம்மாகிட்ட இப்பவே சொல்லு. இத மட்டும் அனுப்பாத!

— ஏன், அடிச்சுருவாரா?

— என்னய எதுக்கு அடிக்கிறாரு? ஞாயித்துக்கெழம நான் காய்ச்சல்ல சுருண்டு கெடந்தேன். பிரேக்கு மாத்தணும்னு இருட்டோட என் ஹெல்மெட்டு, க்ளவுஸெல்லாம் மாட்டிக்கிட்டு சைக்கிள எடுத்துட்டுப் போனது அவருதான். தலையில இருக்குறது டார்ச்சுன்னு நெனச்சு அமுக்கியிருக்காரு.

— மாமாவா?

— ம்.

— மைல்கல்லுக்குமா?

— கண்ணாடிய வீட்டுலயே வச்சுட்டுப் போயிட்டாரு ப்ரியா.

— பாவம்யா... இந்தா, அழிச்சுட்டேன். நாளைக்கு ஒங்க வீட்டுக்கு வாரேன். மாமா முன்னாடி ஒக்காந்து ஒரு பாட்டம் அழுவுறேன். மருமக கண்ணீருக்காகத்தான் கோயில் வாசப்படி ஏறுனேன்னு அவரு ஊருக்கெல்லாம் சொல்லிக்கட்டும்.