கருகிய சந்தனம்

"ஒரு சக்கரத்துல மட்டும் பூசின சந்தனம் கருகிப் போகுதுண்ணா. திருஷ்டின்னு பூசணிக்கா உடைச்சேன்."

பொம்மனஹள்ளி பஸ்ஸில் எனக்கு முன்சீட்டிலிருந்த பிக்கப் டிரைவர் சொன்னார். பக்கத்திலிருந்த மெக்கானிக் சிரித்தார்.

"பதினாலு குடுத்த மைலேஜ் திடீர்னு ஒன்பதாச்சுன்னியே, அதுவும் திருஷ்டியா, மாரி?"

"டீசல்ல கலப்படம்னு நெனச்சேன்."

"ஓட்டி நிறுத்தினதும் அந்தச் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தியா?"

"கை வைக்க முடியல. தண்ணி ஊத்தினா ஆவி பறக்குது."

மெக்கானிக்கின் சிரிப்பு நின்றது. "பிரேக் விடாம பிடிச்சினே இருக்குதுடா. அதான் டீசல் குடிக்குது. மலை இறக்கத்துல இன்னும் சூடேறினா பிரேக்கே பிடிக்காது. வண்டி எங்க?"

"மச்சான் எடுத்துனு போயிருக்கான். மாதேஸ்வரன் மலைக்கு. என் பொண்டாட்டி, புள்ளைங்க எல்லாம் அதுலதான்."

"எப்ப இறங்குறாங்க?"

"இப்பதாண்ணா."

மாரி போன் போட்டார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

"மறுபடி போடு" என்றார் மெக்கானிக்.